இடி தேவன் வரிசையில் நின்ற படம்

இதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. வேண்டுமானால் எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணித் தருகிறேன். முன்பும் ஒருமுறை பண்ணியிருக்கிறேன். அது ஒரு மாட்டு விவகாரம். மாடு என்னுடையது இல்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே அந்த மாடு வந்து பின்னால் நின்று என் சால்வையைத் தின்னத் தொடங்கிவிட்டது. மற்றப்படி எனக்கு ஒன்றும் நேரவில்லை. அறுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி நான் என்ன மாளிகையா கட்டப்போகிறேன்?

போன வைகாசி மாதம் ஒரு மாலை, வீரகத்தி கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். நெடுங்கேணியிலிருந்து உள்ளே நாலு கட்டை தூரம் வந்தால் காடும் வயலும் முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீரகத்தி என் அயலவன். அவனுக்கும் எனக்கும் ஒரே வேலி, ஒரே கிணறு, ஒரே வாசல் படலை. ஊரிலேயே பெரிய பிடிவாதக்காரன். தன்னை அழகன் என்று நினைப்பவன். அவனுடைய ஒரே மகன் கோகுலன், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்பவன், கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“அப்பா, அந்தப் படம் கிடைச்சிட்டுது. முழுசா.”

வீரகத்தி அதுவரை ஒரு காலைத்தான் கழுவியிருந்தான். மற்றக் காலை அன்றைக்கு அவன் கழுவவே இல்லை.

எந்தப் படம் என்று கேட்கிற தேவை எங்கள் ஊரில் யாருக்கும் இல்லை. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நாங்கள் மீளக்குடியேறி இரண்டாம் வருடம், வைகாசி மாதக் கோயில் பொங்கலுக்கு முதல் நாள் மாலை சாமிப் படம் காட்டுகிற பழைய வழக்கத்தைத் திரும்பத் தொடங்க வேண்டும் என்று பூசாரி யோகநாதன் பிடியாய் நின்றார். வவுனியாவுக்கு அவரே பேருந்தில் போனார். படக்கடைக்காரன் எந்தச் சாமி என்று கேட்டிருக்கிறான். எந்தச் சாமியென்றாலும் பரவாயில்லை, சத்தம் நல்லாக இருக்க வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவன் நேர்மையான வியாபாரி. சாமியும் இருந்து சத்தமும் இருக்கிற ஒரு படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டான். வடதுருவத்துப் பக்கம், பனி உறைகிற நாடுகளில் அந்தக் காலத்தில் கும்பிட்ட தேவர்களைப் பற்றிய வெள்ளைக்காரப் படம். தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். தேவர்கள் எல்லாரும் சென்னைக்காரர்கள் மாதிரிக் கதைத்தார்கள். அதில் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. நாங்கள் அதுவரை பார்த்த எல்லாச் சாமியும் அப்படித்தான் கதைத்திருக்கிறது.

திரைக்கு வேட்டி தேடினோம், யாரிடமும் வெள்ளையாய் ஒரு வேட்டி இல்லை. இரண்டு கூடாரத் தறப்பாளைச் சேர்த்துத் தைத்துப் பாலை மரத்துக்கும் மணிக்கோபுரத்துக்கும் நடுவே கட்டினோம். முகாமில் தந்த தறப்பாள், நிவாரண நிறுவனத்தின் நீல எழுத்து அழியவில்லை. படம் முழுக்க இடி தேவனின் இடது கன்னத்தில் அந்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவன் வானவில் பாலத்தில் சம்மட்டியோடு நடந்து வந்தபோது யோகநாதன் எழும்பி, இடியும் வானவில்லும் இந்திரனுடையவை, இது இந்திரன்தான், குளிர்நாட்டுக் கோலம் என்று தீர்ப்புச் சொன்னார். தகப்பனுக்கு ஏன் ஒற்றைக்கண் என்று யாரோ கேட்டார்கள். அதற்கு அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கேட்டவர் இருந்துவிட்டார். வடை சுடுகிற பேச்சியம்மா கற்பூரத் தட்டோடு போய்த் திரைக்குத் தீபம் காட்டினா. தறப்பாளில் தேசிக்காய் அளவில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் போன தேவர்கள் எல்லாருக்கும் வயிற்றில் நட்சத்திரம் தெரிந்தது.

காட்டுப் பக்கம் ஒற்றைக்கொம்பன் யானையும் வந்து நின்று பார்த்தது. நம்பாதவர்கள் அடுத்த நாள் அதன் காலடியைப் பார்த்திருக்கலாம். முன்கால்கள் இரண்டும் சம்மணம் போட முயன்ற மாதிரிப் பதிந்திருந்தன.

ஆனால் படம் எங்களுக்குப் பிடிக்கவில்லை. தகப்பன் கோபத்தில் மூத்த மகனின் பலத்தைப் பிடுங்கிப் பூமிக்குத் தள்ளிவிடுகிறார். அவன் வந்து விழுகிற இடம் ஒரே ஒரு தெருவும் ஒரு சாப்பாட்டுக் கடையும் உள்ள வெயில் ஊர். அங்கே அவனுக்குச் சண்டை இல்லை, பறப்பு இல்லை. கையில் தட்டோடு வரிசையில் நிற்கிறான். பின்னால் நிற்பவன் தள்ளுகிறான். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்த்து உன் இடம் கடைசியில் என்று சொல்கிறாள். அந்தக் காட்சியில் எங்கள் சனத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இருமல் சத்தம்தான் கேட்டது. தண்ணீருக்கும் சோற்றுக்கும் வரிசையில் நின்றுவிட்டு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தேவனாவது வரிசையில் நிற்காமல் இருக்கட்டும் என்று நினைத்தோம். மோசமான படம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்த இடம் வந்தது. தேவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். மெலிந்தவன், கதை குறைந்தவன். அவன் தகப்பன் முன்னால் போய் நின்று, நான் உண்மையில் யார் என்று கேட்கிறான். ஒரு யுத்தம் முடிந்த இடத்தில், எதிரியின் ஊரில், தனியே கிடந்து அழுத குழந்தை நீ, நான் தூக்கி வந்தேன் என்று தகப்பன் சொல்லத் தொடங்கினார். அவ்வளவுதான். திரை கறுத்துப்போனது. வீரகத்தி எழும்பிப்போய் மின்பிறப்பாக்கியின் வயரைக் கழற்றிவிட்டான். எண்ணெய் முடிந்துவிட்டது என்று இருட்டுக்குள் சொன்னான். எண்ணெய் ஊற்றியவர்கள் நாலு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அவர்களே முதலில் பாயைச் சுருட்டினார்கள். வீரகத்தியின் தோளில் மூன்று வயதுக் கோகுலன் நித்திரையாகிக் கிடந்தான்.

இந்த இடத்தை நான் விளையாட்டில்லாமல் சொல்ல வேண்டும். வீரகத்திக்கும் சிவலட்சுமிக்கும் இருபத்திரண்டு வருடம் பிள்ளை இல்லை. யுத்தத்தின் கடைசி வருடத்து மாசி மாதம், சனமெல்லாம் கிழக்கே நடந்துகொண்டிருந்தபோது, ஒரு வீரை மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு சேலை ஏணை கட்டியிருந்தது. உள்ளே கைக்குழந்தை. சுற்றிவரக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. சிவலட்சுமி ஏணையை அவிழ்த்து, தாய் தேடி வந்தால் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டா. தங்கிய இடமெல்லாம் அந்தச் சேலையை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் கட்டிவைத்தா. யாரும் வரவில்லை. முகாமில் பதிகிறவர் பிள்ளையின் தகப்பன் பெயரைக் கேட்டபோது வீரகத்தி தன் பெயரைச் சொன்னான். அதுவரை அவன் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுதான். நான் அப்படியில்லை.

ஊருக்கே தெரியும். ஆனால் கூட்டம் வைக்காமல், கையெழுத்துப் போடாமல், அந்தக் கதையை எடுப்பதில்லை என்று எல்லாரும் தீர்மானித்திருந்தார்கள். பிறகு சொல்லலாம் என்று வீரகத்தி வைத்திருந்தான். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு, காய்ச்சல் மாறின பிறகு, ஐந்தாம் வகுப்புச் சோதனை முடிந்த பிறகு. அவனுடைய ‘பிறகு’ வருடத்துக்கு ஒரு முழம் நீண்டுகொண்டே போனது.

படம் பாதியில் நின்றதால் ஊருக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் பொங்கல் பானையைச் சுற்றி முடிவைப் பற்றி மூன்று கட்சி உண்டாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்க மனம் பொறுக்காமல் நான் எழும்பி, இந்தப் படத்தை நான் முன்பே வவுனியாவில் முழுசாகப் பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போது முடிவும் வந்துவிட்டது. அதன்படி, சம்மட்டி வானத்திலிருந்து விழுந்து ஒரு குளக்கட்டில், ஆட்கள் நடக்கிற பாதையின் நடுவே குத்திட்டு நிற்கிறது. மூத்தவன் இழுத்துப் பார்க்கிறான். அசையவில்லை. தகப்பன் இழுக்கிறார். உழவு இயந்திரம் கட்டி இழுக்கிறார்கள். இயந்திரத்தின் முன்சில்லு ஆகாயத்துக்குப் போகிறது, சம்மட்டி அசையவில்லை. அப்போது தம்பிக்காரன் பசியோடு அந்தப் பாதையால் வருகிறான். யாராவது தடுக்கி விழப்போகிறார்களே என்று அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அம்மா சோறு இருக்கா என்று கேட்கிறான். படம் முடிந்தது.

பதின்மூன்று வருடம் எங்கள் ஊரில் அந்தப் படத்தின் முடிவு அதுதான். பெண்கள் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தும்போது சொன்னார்கள். ஓமந்தையில் கட்டிக்கொடுத்த ஒரு பெண் அங்கேயும் கொண்டுபோய்ப் பரப்பினாள். கோகுலன் அதை எத்தனை தரம் கேட்டிருப்பான் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தரமும் உழவு இயந்திரத்தின் குதிரைச் சக்தி கூடிக்கொண்டு போனது.

இப்போது அவன் முழுப் படத்தோடு வந்து நிற்கிறான். பொதுநோக்கு மண்டபத்தில், பொங்கலுக்கு முதல் நாள், ஊருக்கே காட்டப்போகிறானாம். இளைஞர் கழகத்தில் தீர்மானம் போட்டாயிற்று.

பொங்கலுக்கு இருந்த பத்து நாளும் வீரகத்தி பட்ட பாட்டை நான் மிகக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். யோகநாதனிடம் போய், கோயில் பொங்கலுக்கு வேற்றுநாட்டுச் சாமி சரியா என்று கேட்டான். போன முறை தீபமே காட்டியாயிற்று, இனி அவர் நம்முடைய ஆள் என்று யோகநாதன் சொன்னார். படம் போடுகிற பெட்டியின் வயரை எடுத்து வைக்கோல் போருக்குள் ஒளித்தான். மாடு அதை இழுத்துக்கொண்டுவந்து மண்டப வாசலில் போட்டது. யானை வரும், ஆபத்து என்று வீடு வீடாகச் சொன்னான். யானை வருமென்றால் கட்டாயம் வருகிறோம் என்று பக்கத்து ஊர்க்காரர்களும் வர ஆயத்தமானார்கள். குசினியில் சிவலட்சுமி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா:

“நீங்கள் ஊர் முழுக்க ஓடித் திரியிற நேரத்துக்கு அவனுக்கு முன்னால ரெண்டு நிமிசம் இருந்து சொல்லியிருக்கலாம்.”

“சொல்லிப்போட்டு? அந்தப் படத்தில தம்பிக்காரன் கெட்டவனாப் போறானாம். எனக்கு விசாரிச்சுத் தெரியும்.”

“அது அவங்கட பிள்ளை. இது என்ர பிள்ளை.”

பயம் அதுதான். தன் பிள்ளை, ஊர் முழுக்கச் சுற்றி இருக்க, அந்தக் கேள்வியைத் திரையில் பார்த்து, பிறகு திரும்பித் தன்னைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வேறு யாராகவோ எழும்பிப் போய்விடுவான். இதை வீரகத்தி வாய்விட்டு யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

படம் ஆறரைக்குத் தொடங்கியது. ஐம்பதாவது நிமிடத்தில் அந்த இடம் வரும் என்று கேட்டறிந்து வைத்திருந்த வீரகத்தி, சுவிச்சுக்குப் பக்கத்தில் கதிரை பிடிக்க ஐந்து மணிக்கே போய்விட்டான். அங்கே சுவிச்சை முதுகால் மறைத்தபடி பேச்சியம்மா நாலரைக்கே குந்தியிருந்தா. மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் மண்ணில் நாற்பது வருடம் வாழ்ந்தாலும் அவ தன் பேச்சை விடவில்லை.

“அண்ணே, போன தடவை பாதியில நிறுத்துனீங்க. இந்தத் தடவை சுவிச்சு மேல கை வச்சீங்கன்னா, வடைச் சட்டி எண்ணெய் இன்னும் சூடாத்தான் இருக்கு.”

வீரகத்தி பக்கத்துக் கதிரையில் மரியாதையாக இருந்தான்.

இப்போது நான் படத்தைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதின்மூன்று வருடம் அதைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். அது நல்ல படம். இந்தப் பதின்மூன்று வருடத்தில் அதே வகைப் படங்கள் எத்தனையோ தொலைபேசியில் வந்துவிட்டன. அவற்றில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் பறக்கிறார்கள், யார் யாருக்கு மச்சான் என்று தெரிவதற்குள் அரைவாசிப் பேர் செத்துப்போகிறார்கள். இந்தப் பழைய படத்தில் ஒரு தேவன் ஒரு சின்ன ஊருக்குள் விழுந்து, ஒன்றுமில்லாதவனாய், ஒரு தட்டைக் கழுவப் பழகுகிறான். சண்டையெல்லாம் அரிசிமாவுக் கோலம் மாதிரி, அடுத்த காற்றில் போய்விடும். தட்டுக் கழுவுகிறதுதான் படம். முன்பு எங்களுக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்றால், நாங்களே அப்போது தட்டோடு நின்றுகொண்டிருந்தோம். அந்தப் படத்துக்குள் நின்றுகொண்டு அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

வரிசைக் காட்சி வந்தது. பின்னால் நிற்பவன் தள்ள, நான் யார் தெரியுமா என்று தேவன் மார்பை நிமிர்த்த, முன்னால் நிற்பவள் கடைசிக்குப் போ என்று கையைக் காட்டினாள். ஒரு மூலையில் யாரோ களுக்கென்றார்கள். அது சிவலட்சுமி. முகாமில் பால்மா வாங்கப் போன வீரகத்தி இரண்டு மணித்தியாலம் பிழையான வரிசையில் நின்றதும், முன்னுக்கு வந்த பிறகு தாதி நிமிர்ந்து எத்தனை மாதம் என்று கேட்டதும் அவவுக்கு நினைவு வந்துவிட்டது. கர்ப்பிணித் தாய்மாரின் வரிசை அது. அவ சிரிக்க, காரணம் தெரிந்த பெண்கள் சிரிக்க, பிறகு ஒவ்வொருவருக்கும் தங்கள் தங்கள் வரிசை நினைவு வந்து, மண்டபம் முழுக்கச் சிரித்தது. தகரக் கூரையின் ஆணிகள் கழன்று விழுந்தன. நாலு ஆணி, நானே பொறுக்கினேன். சிரிப்பு அடங்காததால் அந்தக் காட்சியைத் திரும்பவும் போட வேண்டியிருந்தது. பேச்சியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவம், அவனுக்கு ஒரு வடை குடுக்கலாமே என்றா.

ஐம்பதாவது நிமிடம் வந்தது. மெலிந்த தம்பி தகப்பன் முன்னால் போய் நின்றான். எல்லாருக்கும் தெரியும், ஆனபடியால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளும் திரையிலேயே ஆணி அடித்த மாதிரி இருந்தன. வீரகத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவனுடைய நெஞ்சு அடிக்கிறது எனக்குக் கேட்டது. தகப்பன் சொல்லிக்கொண்டிருந்தார்: யுத்தம், எதிரியின் ஊர், அழுத குழந்தை. தம்பி உடைந்துபோய்க் கத்தினான். பிறகு வேறு காட்சியின் சத்தம். அப்போது வீரகத்தியின் முழங்காலில் ஒரு கை பட்டது. கோகுலன் கதிரைக்குப் பக்கத்தில் வந்து குந்தியிருந்தான்.

“அப்பா, கண்ணைத் திறவுங்கோ. அந்த இடம் போயிட்டுது.”

“எந்த இடம்?”

“நீங்கள் போன முறை வயர் கழட்டின இடம்.”

வீரகத்தி கண்ணைத் திறந்தான். கோகுலன் திரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்.

“எனக்கு மூண்டாம் வகுப்பிலயே தெரியும். பள்ளிக்கூடத்தில ஒருத்தன் ஏதோ சொன்னவன், நான் போய்ப் பேச்சியம்மா மாமியைக் கேட்டனான். அவா ஏணை கட்டியிருந்த சேலையின்ர நிறம் வரைக்கும் சொன்னவா. உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு நான்தான் அவாட்டச் சத்தியம் வாங்கினனான்.”

“ஏன்ரா?”

“உங்களுக்குத் தெரிஞ்சா கவலைப்படுவியள் எண்டுதான்.”

பேச்சியம்மா ஒன்றும் கேட்காதவ மாதிரித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஆனால் சுவிச்சை விட்டு முதுகை எடுத்துவிட்டா. இனி யாரும் நிறுத்தப்போவதில்லை என்று அவவுக்குத் தெரிந்துவிட்டது.

வீரகத்தி அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தான் என்று சொல்ல மாட்டேன். திரை முழுக்கத் தண்ணீருக்குள் இருந்த மாதிரித் தெரிந்தது. படம் முடிவுக்கு வந்தது. கடைசியில் அந்தத் தம்பி வானவில் பாலத்தின் நுனியில் தொங்குகிறான். தகப்பனின் முகத்தைப் பார்க்கிறான். பிறகு பிடியை விட்டுவிட்டு இருட்டுக்குள் விழுந்துபோகிறான். மண்டபத்தில் பெரிய கலவரம் வந்துவிட்டது. இது பிழையான முடிவு, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், குளக்கட்டு எங்கே, உழவு இயந்திரம் எங்கே, அவன் சோறு கேட்கவில்லையே என்று சனம் எழும்பி நின்றது. யோகநாதன் கையை உயர்த்தி, படம் தங்கமான படம், எடுத்தவர்கள் மட்டும் கடைசிப் பகுதியில் எங்கள் ஊரை விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று இரண்டாவது தீர்ப்பைச் சொன்னார்.

கோகுலன் படத்தை நிறுத்திவிட்டுத் திரைக்கு முன்னால் போய் நின்றான். வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. சரியான முடிவை நான் சொல்கிறேன், எல்லாரும் இருங்கோ என்றான். எல்லாரும் இருந்தார்கள். அவன் குளக்கட்டில் தொடங்கினான். மூத்தவன் இழுத்தான், தகப்பன் இழுத்தார், நூற்றிருபது குதிரைச் சக்தி உழவு இயந்திரம் இழுத்தது. தம்பிக்காரன் வந்து சம்மட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தான். அடுத்த வரியை அவன் தொடங்குவதற்குள் மண்டபம் முழுக்க ஒரே குரலில் முந்திக்கொண்டது.

“அம்மா, சோறு இருக்கா?”

பின் வரிசையிலிருந்து சிவலட்சுமி, “இருக்கடா, வா” என்றா. வெளியே காட்டுப் பக்கத்தில் ஒற்றைக்கொம்பன் ஒருமுறை பிளிறிவிட்டுத் திருப்தியாகத் திரும்பிப் போனது.

எட்டரைக்கெல்லாம் சனம் கலைந்துவிட்டது. கோகுலன் சைக்கிளை எடுத்தான். வீரகத்தி பின்னால் காரியரில் ஏறிக் குந்தி, மகனின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சிவலட்சுமி கைவிளக்கை அடித்துக்கொண்டு முன்னால் நடந்தா. மணல் பாதையில் சைக்கிள் நடக்கிற வேகத்துக்குத்தான் போனது. பாரம் கூட, இறங்குங்கோ என்று மகன் சொல்ல, தகப்பன் மாட்டேன் என்று தலையை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டான். சட்டை வியர்வையில் நனைந்து, கற்பூரமும் வடை எண்ணெயும் கலந்து மணத்தது.

வீரகத்தி என்பது என் தகப்பன் எனக்கு வைத்த பெயர்.